நூலக வரிக்குப் பின்னால் ஒரு கணக்கு வாத்தியார்

வீட்டு வரி கட்டிய ரசீது கையில் இருந்தால் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வீட்டு வரி இவ்வளவு என்று போட்டிருக்கும். அதற்கு அடுத்து நூலக வரி என்று ஒரு தொகை இருக்கும். நூறு ரூபாய் வரி என்றால் பத்து ரூபாய் நூலகத்துக்கு. மேலூரிலும் உசிலம்பட்டியிலும் வாடிப்பட்டியிலும் நம் காலனி வீடுகள் ஆண்டுதோறும் இந்தத் தொகையைக் கட்டி வருகின்றன. ஊரில் மாடி வீட்டுக்காரர் என்ன விகிதத்தில் கட்டுகிறாரோ அதே விகிதத்தில்தான் தொகுப்பு வீட்டுக்காரரும் கட்டுகிறார். ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், பட்டா என்றால் மனு எழுதிக்கொண்டு ஓடும் நாம், இந்தப் பத்து ரூபாய் எங்கே போகிறது என்று கேட்பதில்லை.

இந்த வரியைக் கொண்டுவர இருபது ஆண்டுகளுக்கு மேல் அலைந்தவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். இப்பத்தியில் வழக்கமாக நம் சமூகத்துத் தலைவர்களைப் பற்றித்தான் எழுதுகிறோம். ரங்கநாதன் நம் சமூகத்தவர் அல்லர். சீர்காழியில் நிலபுலம் இருந்த பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். தீண்டாமை ஒழிப்புக் களத்தில் நின்றவர் என்றும் அவரைச் சொல்ல முடியாது. ஆனாலும் அவர் வாங்கித் தந்த சட்டம் நம் பிள்ளைகளுக்குப் பயன்பட வேண்டிய சட்டம். பாதி பயன்பட்டிருக்கிறது, மீதிப் பாதி இன்னும் பாக்கி. அதனால்தான் இந்த வாரம் அவரைப் பற்றி எழுதுகிறோம்.

1892 ஆகஸ்டில் பிறந்தார். ஆறு வயதில் தகப்பனார் இறந்துவிட்டார். சீர்காழியிலேயே பள்ளிப் படிப்பு. பிறகு சென்னை கிறித்தவக் கல்லூரியில் கணிதம் படித்து 1916-இல் எம்.ஏ. முடித்தார். அங்கே எட்வர்டு ராஸ் என்ற ஆசிரியர் அவர்மேல் தனி அன்பு வைத்திருந்தார். ரங்கநாதனுக்குத் திக்குவாய். அப்படிப்பட்டவர் சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சி முடித்து, மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் பிறகு சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணக்கு வாத்தியார் ஆனார். வகுப்பெடுத்து வகுப்பெடுத்தே திக்கலை அடக்கிக்கொண்டார். பிற்காலத்தில் ஊர் ஊராகப் போய் மேடையில் பேசினார்.

1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். அந்த வேலைக்குச் சுமார் 900 பேர் விண்ணப்பித்திருந்தார்கள். நூலகப் படிப்பு படித்தவர் அதில் யாரும் இல்லை. ரங்கநாதனுக்கும் அந்த வேலையில் ஆசை இருந்ததில்லை. சேர்ந்த சில நாளிலேயே பேசுவதற்கு ஆளில்லாமல், செய்வதற்கு வேலையில்லாமல் சலித்துப் போய், பழைய கல்லூரி வேலையையே கொடுத்துவிடுங்கள் என்று போய் நின்றார். லண்டன் போய் நூலகப் பயிற்சி பெற்று வா, அப்போதும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம் என்று சமாதானம் செய்து அனுப்பினார்கள். அவருடைய நூலகப் பணியே இப்படி அரை மனதாகத் தொடங்கியது என்பது நமக்குச் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

இங்கே 1924 என்ற ஆண்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

அதே ஆண்டு, அதே சென்னையில், இரட்டைமலை சீனிவாசன் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசுக் கட்டடம், சந்தை ஆகிய இடங்களில் ஒடுக்கப்பட்டவர்கள் நடமாடவும் அவற்றைப் பயன்படுத்தவும் தடை இருக்கக் கூடாது என்பது தீர்மானம். சபை ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு அரசிதழிலும் வந்தது. அதே 1924 ஜூலையில் பம்பாயில் அண்ணல் அம்பேத்கர் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபாவைத் தொடங்கினார். மாணவர் விடுதிகள் நடத்துவது அதன் நோக்கங்களில் ஒன்று, நூலகம் அமைப்பது இன்னொன்று. குடிதண்ணீருக்கே போராட்டம் நடத்த வேண்டியிருந்த மக்களுக்குத் தொடங்கிய அமைப்பில் முதல் நாளே நூலகத்தையும் எழுதி வைத்தவர் அவர். அமெரிக்காவில் படித்தபோது சாப்பாட்டுச் செலவைக் குறைத்துப் பழைய புத்தகக் கடைகளில் நூல்களை வாங்கிக் குவித்தவர், பின்னால் தாதரில் கட்டிய ராஜகிருகம் வீட்டையே நூல்களுக்காகக் கட்டியவர், வேறெப்படி எழுதியிருப்பார்?

ஒருவர் பொதுக் கட்டடத்துக்குள் நுழையும் உரிமையைக் கேட்டார். ஒருவர் நம் மக்களே நூலகம் நடத்த வேண்டும் என்றார். மூன்றாமவர் நூலகத்தை எப்படி நடத்துவது என்று கற்றுவரக் கப்பல் ஏறினார். மூன்று வழிகளும் ஒன்றை ஒன்று சந்திக்கவே இல்லை. சந்தித்திருந்தால் 1948 சட்டத்தில் இன்னும் ஒரு பிரிவு சேர்ந்திருக்கும் என்பது நம் எண்ணம். அதைப் பிறகு சொல்கிறோம்.

லண்டனில் பல்கலைக்கழகக் கல்லூரியில் பாடம் கேட்டார். பாடத்தைவிட அதிகம் கற்றது குராய்டன் நகரப் பொது நூலகத்தில். பெர்விக் சேயர்ஸ் என்பவர் அங்கே தலைமை நூலகர். நூறுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். ஆலைத் தொழிலாளி, வீட்டு வேலை செய்யும் பெண், பள்ளிப் பிள்ளை எல்லாரும் கூச்சமில்லாமல் உள்ளே வந்து புத்தகம் எடுத்துப் போவதைப் பார்த்தார். நம் நாட்டில் அப்போது புத்தகம் என்பது பூட்டிய அலமாரிக்குள் இருக்கும் பொருள். நூலகர் என்பவர் சாவி வைத்திருக்கும் காவல்காரர். ஒரு கடையில் துண்டு துண்டாகப் பூட்டிச் சேர்க்கும் விளையாட்டுச் சாமானைப் பார்த்துத்தான் புத்தகங்களை வகைப்படுத்தும் புது முறை அவருக்குத் தோன்றியது என்று சொல்வார்கள். கோலன் பகுப்பு முறை என்று 1933-இல் வெளிவந்து உலகப் பெயர் வாங்கித் தந்தது அதுதான். அந்த முறையின் நுணுக்கம் நூலகவியல் மாணவர்களுக்கு. நமக்கு முக்கியம் அவர் கண்ட அந்தக் கூச்சமில்லாத கூட்டம்.

1925-இல் திரும்பி வந்ததும் முதல் வேலையாக அலமாரிகளைத் திறந்துவிட்டார். வாசகர்கள் தாங்களே போய்ப் புத்தகத்தைத் தொட்டுப் புரட்டி எடுக்கலாம். நூலகம் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டினார். விடுமுறை நாளிலும் திறந்தார். புத்தகம் தொலைந்துபோகும் என்று எதிர்த்தவர்கள் உண்டு. நாலு புத்தகம் தொலைவதைவிட நாலாயிரம் புத்தகம் யார் கையும் படாமல் கிடப்பதுதான் நட்டம் என்பது அவருடைய கணக்கு. விடுப்பே எடுக்காமல் இருபது ஆண்டு உழைத்தார். திருமணத்தன்றும் வேலைக்கு வந்துவிட்டார் என்ற கதை உண்டு. 1936-இல் பல்கலைக்கழக நூலகம் மெரினா கடற்கரைச் சாலையில் சொந்தக் கட்டடத்துக்குப் போனது.

ஆட்களைச் சேர்த்த கதை

பல்கலைக்கழகத்தில் படிக்க வருகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஊரில் இருப்பவனுக்கு யார் புத்தகம் கொடுப்பது? 1928 ஜனவரியில் சென்னை நூலகச் சங்கத்தைத் தொடங்கிச் செயலாளர் பொறுப்பை எடுத்துக்கொண்டார். 1945 வரை அந்தப் பொறுப்பு அவரிடமே இருந்தது. வக்கீல்கள், ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள், பத்திரிகைக்காரர்கள் என்று மாவட்டம் மாவட்டமாக ஆட்களைச் சேர்த்தார். விடுமுறையில் ஆசிரியர்களை வரவழைத்து 1929-இல் நூலகப் பயிற்சி வகுப்பு நடத்தினார். பயிற்சி முடித்தவர்கள் தங்கள் ஊரில் போய்ப் பேசினார்கள். அரசிடம் கேட்பதற்கு முன்னால் ஊர்களில் கேட்கும் குரலை உண்டாக்க வேண்டும் என்பது அவர் வழி. இயக்கம் நடத்தும் நம் தோழர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் நூலகத்துக்காக இப்படி ஆள் திரட்டலாம் என்று நமக்குத் தோன்றியதா?

1931-இல் அவருடைய நூலக அறிவியலின் ஐந்து விதிகள் என்ற ஆங்கிலப் புத்தகம் வந்தது. சுருக்கமாகச் சொன்னால், புத்தகம் பயன்படுவதற்காக. ஒவ்வொருவருக்கும் அவருக்கான புத்தகம் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் படிக்க ஆள் வர வேண்டும். வாசகர் நேரம் வீணாகக் கூடாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும். இரண்டாவது விதியை விளக்கும் இடத்தில் பெண்கள், கிராமத்தார், சிறையில் இருப்பவர், மருத்துவமனையில் படுத்திருப்பவர், கண் தெரியாதவர் என்று புத்தகம் மறுக்கப்பட்டவர்களைத் தேடித் தேடி எடுத்துப் பேசுகிறார். இந்த இரண்டாவது விதிதான் நம்முடைய விதி. படிப்பு சிலருக்கு மட்டும் என்று எழுதிவைத்த பழைய ஏட்டை, அதே ஏட்டைக் கையில் வைத்திருந்த குலத்தில் பிறந்தவரே மறுத்த இடம் அது.

அதே ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில் ஒரு மாட்டு வண்டி கிளம்பியது. வண்டி நிறையப் புத்தகம். ஓய்வுபெற்ற பொறியாளர் எஸ்.வி.கனகசபைப் பிள்ளை சொந்த முயற்சியில் நடத்தியது. ரங்கநாதன் அதைத் தொடங்கிவைத்தார். சுற்றுக் கிராமங்களுக்கு முறை வைத்து வண்டி போகும். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டவும் ஆள் உண்டு. நாட்டின் நடமாடும் நூலகங்களைப் பற்றிப் பேசும் எவரும் இந்த வண்டியை விட்டுவிட்டுப் பேச முடியாது. எங்களுக்கு இந்த வண்டிமேல் தனிப் பிரியம். கட்டடம் எங்கே கட்டினார்களோ அங்கேயே நிற்கும். அதன் வாசலை மிதிக்க யாருக்குத் துணிச்சல் இருக்கிறது என்பதைத் தெரு தீர்மானிக்கும். வண்டி அப்படி அல்ல. ஓட்டுகிறவர் மனம் வைத்தால் கடைசி வீடுவரை வரும்.

நம் மதுரைக்கு அப்போது நூல் சேர்க்கும் பெருமை இருந்தது. 1901-இல் பாண்டித்துரைத் தேவர் தொடங்கிய நான்காம் தமிழ்ச் சங்கத்தில் ஏடுகளும் நூல்களும் சேர்ந்தன. புலவர்கள் வந்து படித்தார்கள். ஆனால் சங்கம் வைத்த ஊரிலேயே மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நம்மவர் கால் வைக்க 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று வைத்தியநாத ஐயரோடு உள்ளே போனவர்களில் ஒருவர் மேலூர் தும்பைப்பட்டி கக்கன். கோயிலுக்கே அந்தக் கதி என்றால், வாசகசாலைத் திண்ணையில் நம் பாட்டன்மார் உட்கார்ந்து பேப்பர் படித்திருப்பார்களா என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ரங்கநாதன் சட்டத்துக்காக அலைந்த கதை நீளமானது. தருமம் செய்பவரை நம்பியும் சந்தாவை நம்பியும் நடக்கும் நூலகம், கொடுத்தவர் கண்மூடியதும் பூட்டப்படும் என்பதை அவர் பார்த்திருந்தார். வரி வேண்டும், அது சட்டமாக வேண்டும் என்றார். 1930-இல் காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டில் மாதிரிச் சட்டம் ஒன்றை எழுதிக் கொடுத்தார். வங்காளத்தில் அதை ஒட்டி முயன்றார்கள். வரி என்றதும் அரசு மறுத்தது. சென்னையில் 1933-இல் பஷீர் அகமது சையது சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார். அதுவும் சட்டமாகாமல் போனது. உலகப் போர் வந்தது, போனது. 1945-இல் ரங்கநாதன் சென்னைப் பணியிலிருந்து விலகிக் காசிப் பல்கலைக்கழகத்துக்கும், அங்கிருந்து 1947-இல் டெல்லிக்கும் போய்விட்டார். கோவையைச் சேர்ந்த அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக வந்தபோதுதான் பழைய வரைவு தூசி தட்டி எடுக்கப்பட்டது. 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. 1950 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் இதுதான்.

சட்டத்தின் உயிர் அதில் உள்ள வரி. சொத்து வரி, வீட்டு வரியில் ரூபாய்க்கு 6 பை என்று தொடங்கினார்கள். ரூபாய்க்கு 192 பை இருந்த காலம்; இப்போதைய கணக்கில் சுமார் 3 காசு. இன்று அது 10 காசு. மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக்குழு. உள்ளாட்சி வசூலித்து ஆணைக்குழுவிடம் கொடுக்க வேண்டும். அந்தப் பணத்தில் மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம். சிம்மக்கல்லில் இருக்கும் நம் மாவட்ட மைய நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படித்து வேலைக்குப் போன காலனிப் பிள்ளைகள் எத்தனையோ பேர். வீட்டில் உட்கார இடமில்லாதவனுக்கு அந்த நாற்காலிதான் படிப்பறை. 2023 ஜூலை 15-ஆம் தேதி புது நத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் இன்று பார்த்தாலும், கிராமத்திலிருந்து முதல் பஸ் ஏறி வந்து, சாப்பாட்டு டப்பாவோடு காத்திருக்கும் முகங்களில் நம் முகங்கள் உண்டு.

சட்டம் சொல்லாதது

இனி அந்த இன்னொரு பிரிவு. சட்டம் வரியைச் சொன்னது, குழுவைச் சொன்னது. நூலகம் எந்தத் தெருவில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. கிராமத்தில் இடம் கொடுப்பவர் யார்? ஊர்க்காரர். எங்கே கொடுப்பார்? மந்தையை ஒட்டியோ, கோயில் பக்கமோ, தன் தெரு முனையிலோ. 2006-க்குப் பின் அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 12,618 ஊராட்சிகளுக்கும் நூலகம் என்று வந்தபோதும் இதே கதைதான் பல இடங்களில் நடந்தது. ஊராட்சிக்கு ஒன்று, ஊராட்சிக்குள் ஊர் இருக்கிறது, காலனி இருக்கிறது, ஒன்று எப்போதும் ஊருக்குத்தான்.

மேலூர்ப் பக்கம் ஓர் ஊராட்சிக்குப் போயிருந்தோம். பெயர் வேண்டாம். நூலகக் கட்டடம் நன்றாகவே இருந்தது, மந்தைக்கு எதிரில். காலனியிலிருந்து பத்து நிமிட நடை. படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், கல்லூரி போகிறவர்களும் இருக்கிறார்கள். நூலகத்துக்குப் போவதுண்டா என்று கேட்டதற்கு யாரும் தடுக்கவில்லை என்றுதான் சொன்னார்கள். பிறகு ஏன் போகவில்லை என்றால் பதில் இல்லை. ஒரு பெண் பிள்ளை மட்டும் சொன்னாள்: மந்தையில் உட்கார்ந்திருப்பவர்கள் எதற்கு வந்தாய் என்று கேட்பதில்லையாம், ஆனால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களாம். அந்தப் பார்வையைத் தடை செய்யும் தீர்மானம் எந்தச் சபையிலும் போட முடியாது. நூலகத்தைப் பொதுவான சாலை ஓரத்துக்கு, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக்கு மாற்றலாம். காலனியிலேயே ஒரு பகுதிநேர நூலகம் கேட்கலாம். மேலவாசல் வண்டியைப் போல வேனில் புத்தகம் கொண்டுவரச் சொல்லலாம்.

இந்தக் குறைக்கு ரங்கநாதனைக் குற்றம் சொல்வதா? ஓரளவுக்குச் சொல்லத்தான் வேண்டும். கதவைத் திறந்து வைத்தால் எல்லாரும் வருவார்கள் என்று நம்பினார். கதவு வரைக்கும் வருகிற தெருவில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும், அவர் அதை நடந்து பார்த்ததில்லை. ஆனால் அவர் கையாண்ட முறை, அதாவது முதலில் ஊரில் ஆள் சேர், பிறகு அரசிடம் போ என்பது, இந்தக் குறையைத் தீர்க்கவும் போதும்.

கடைசிக் காலம் பற்றியும் கொஞ்சம். டெல்லியில் 1954 வரை கற்பித்தார். சில ஆண்டுகள் ஜூரிக்கில் இருந்தார். 1957-இல் பத்மஸ்ரீ. வாழ்நாள் சேமிப்பான ஒரு லட்ச ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் மனைவி சாரதா பெயரையும் சேர்த்து நூலகவியல் பேராசிரியர் பதவிக்குக் கொடுத்துவிட்டார். 1962-இல் பெங்களூரில் ஆவணப் பயிற்சி மையம் தொடங்கினார். 1965-இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் ஆனார். காலில் செருப்புக்கூட இல்லாமல் எளிமையாக வாழ்ந்தவர் என்று உடனிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். 1972 செப்டம்பர் 27-ஆம் தேதி பெங்களூரில் காலமானார். அதே 1972-இல்தான் தமிழ்நாட்டில் பொது நூலகத்துக்கென்று தனி இயக்ககம் ஏற்பட்டது.

அவர் பிறந்தநாளாக ஆகஸ்ட் 12-ஐ நாடு முழுவதும் நூலகர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். நூலகங்களில் படத்துக்கு மாலை போடுவார்கள். மூன்று நாள் கழித்து ஆகஸ்ட் 15, கிராம சபை. தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். ஒவ்வொரு நூலகத்திலும் வாசகர் வட்டம் என்று ஒன்று இருக்க வேண்டும். உங்கள் ஊர் நூலகத்தில் இருக்கிறதா, அதில் காலனியிலிருந்து யார் இருக்கிறார்கள் என்று 12-ஆம் தேதி போய்க் கேளுங்கள். யாரும் இல்லை என்றால் இரண்டு பெயரைக் கொடுத்துவிட்டு வாருங்கள், அதில் ஒன்று பெண்ணாக இருக்கட்டும். 15-ஆம் தேதி வீட்டு வரி ரசீதுகளை எடுத்துக்கொண்டு போங்கள். நம் காலனி இந்த ஆண்டு கட்டிய நூலக வரி எவ்வளவு, ஊராட்சி அதை ஆணைக்குழுவுக்குச் செலுத்திவிட்டதா, நூலகம் வாரத்தில் எத்தனை நாள் திறக்கிறது என்ற மூன்று கேள்வியைக் கேளுங்கள். பதிலையும் கோரிக்கையையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்ததைப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். நகல் ஒன்றை நமக்கும் அனுப்பினால் இப்பத்தியில் வெளியிடுவோம்.